ஷோப்பான் பியானோ போட்டி: மலேசியர் ஒருவர் 5ஆம் பரிசு வாங்கிய அந்த மேடை ஏன் இவ்வளவு பெருசு?

2025 அக்டோபர் 21, அதிகாலை. போலந்துத் தலைநகர் வார்சாவில் ஒரு போட்டியின் முடிவுகள் அறிவிக்கப்பட்டன.

முதல் பரிசு அமெரிக்காவின் எரிக் லூவுக்கு. இரண்டாம் பரிசு கனடாவின் கெவின் சென்னுக்கு. மூன்றாவது சீனாவின் ஸிடோங் வாங்.

ஐந்தாம் பரிசைப் போலந்தைச் சேர்ந்த பியோத்ர் அலெக்சேவிச்சுடன் பகிர்ந்துகொண்டவர் வின்சென்ட் ஓங். நம் அண்டை நாடான மலேசியாவைச் சேர்ந்தவர்!

அந்தப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போன முதல் மலேசியர் அவர்.

"சரி, பியானோ போட்டிதானே? அதுக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?"

நியாயமான கேள்விதான். பார்ப்போம்.

அது என்ன போட்டி?

முழுப் பெயர், அனைத்துலக ஃபிரடெரிக் ஷோப்பான் பியானோ போட்டி. செவ்வியல் பியானோ இசைக்கான போட்டிகளில் மிகப் பழைமையானவற்றில் ஒன்று. 1927இல் தொடங்கியது.

5 ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். 2020இல் நடக்க வேண்டியது கொவிட் காரணமாக 2021க்குத் தள்ளிப்போனது. 2025இல் நடந்தது 19ஆவது போட்டி. அடுத்தது 2030இல்.

பல பியானோ போட்டிகளில் பாஹ், பேத்தோவன், லிஸ்ட் என்று பலரின் இசையைக் கலந்து வாசிக்கலாம். இங்கே அப்படி இல்லை. முதல் சுற்றிலிருந்து இறுதிச் சுற்றுவரை ஒரே இசையமைப்பாளர். ஷோப்பான் மட்டும்தான்.

இதனால் ஒரு வசதி உண்டு. ஒரே இசையை அடுத்தடுத்து பலர் வாசிப்பதைக் கேட்கும்போது, யார் எப்படி வேறுபடுகிறார் என்பது சட்டென்று தெரிந்துவிடும். ஒரே பாட்டைப் பத்துப் பேர் பாடிக் கேட்பது மாதிரி.

யார் இந்த ஷோப்பான்?

1810இல் வார்சாவுக்கு அருகிலுள்ள ஷெலாசோவா வோலா என்ற கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே வார்சாவில் பெயர் வாங்கியவர்.

1830 நவம்பரில், 20 வயதில், கச்சேரிகளுக்காகப் போலந்தை விட்டுக் கிளம்பினார். சில வாரங்களிலேயே அங்கே ரஷ்ய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சி நசுக்கப்பட்டது. ஷோப்பான் பாரிஸில் தங்கிவிட்டார். அதன் பிறகு தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

1849 அக்டோபர் 17ஆம் தேதி, 39 வயதில், பாரிஸில் காலமானார். உடல் பாரிஸில் அடக்கம் செய்யப்பட்டது. ஆனால் அவரது விருப்பப்படி இதயத்தை மட்டும் அவரின் அக்கா லுட்விகா வார்சாவுக்குக் கொண்டு வந்தார். இன்றும் அது அங்குள்ள புனிதச் சிலுவைத் தேவாலயத்தின் தூண் ஒன்றுக்குள் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் போலந்தைப் பிடித்த நாஸி ஜெர்மனி, அங்கே ஷோப்பானின் இசையைப் பொது இடங்களில் வாசிக்கத் தடை விதித்தது. தேவாலயத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட இதயம், போர் முடிந்து 1945 அக்டோபர் 17ஆம் தேதி மீண்டும் அதே இடத்துக்கு வந்தது.

ஆக, போலந்து மக்களுக்கு ஷோப்பான் வெறும் இசையமைப்பாளர் அல்ல. நாடே வரைபடத்தில் இல்லாத காலத்தில் அதன் குரலாக இருந்தவர்.

அதனால்தான் இன்றும் போட்டி நடக்கும் அக்டோபர் மாதத்தில், 17ஆம் தேதி மட்டும் யாரும் போட்டியிடுவதில்லை. அன்று அந்தத் தேவாலயத்தில் மொஸார்ட்டின் 'ரெக்வியம்' இசைக்கப்படும்.

போட்டி தொடங்கிய கதை

முதல் உலகப் போருக்குப் பிறகு, ஷோப்பானின் இசையைச் சிலர் மிகை உணர்ச்சி என்று ஒதுக்கத் தொடங்கினார்கள். வார்சாவில் பியானோ ஆசிரியராக இருந்த யெஷி ஷுராவ்லெவுக்கு அது கவலையாக இருந்தது.

அதே நேரம் அவர் இன்னொன்றையும் கவனித்தார். இளையர்கள் விளையாட்டு என்றால் துள்ளிக் குதிக்கிறார்கள். யார் ஜெயிப்பார் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆர்வம்.

"அப்போ இசையையும் போட்டியாக்கினா என்ன?"

அந்த யோசனைதான் 1927இல் முதல் போட்டியாக நடந்தது. ஜெயித்தவர் சோவியத் யூனியனின் லெவ் ஒபோரின். அவருக்கு அப்போது வயது 19. பிறகு உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளரான டிமிட்ரி ஷொஸ்டகோவிச்சும் அதில் போட்டியிட்டார். அவருக்குக் கிடைத்தது கௌரவச் சான்றிதழ் மட்டுமே!

1932இல் இருவர் சமநிலையில் முடித்தார்கள். முதல் பரிசு யாருக்கு என்று காசைச் சுண்டிப்போட்டு முடிவு செய்தார்கள். அலெக்சாண்டர் உனின்ஸ்கிக்கு முதல் பரிசு. பார்வையற்றவரான ஹங்கேரியின் இம்ரே உங்காருக்கு இரண்டாவது.

1942இல் நடந்திருக்க வேண்டிய போட்டி போரால் நடக்கவில்லை. 1949இல் மீண்டும் தொடங்கியபோது வார்சா நகரமே இடிபாடுகளாகக் கிடந்தது. போட்டியின் வீடான ஃபில்ஹார்மோனிக் அரங்கமும் அழிந்துபோயிருந்தது. வேறு அரங்கில் நடத்தினார்கள். 1955 போட்டிதான் திரும்பக் கட்டப்பட்ட அரங்கில் நடந்தது.

யார் கலந்துகொள்ளலாம்?

2025 போட்டிக்கான வயது வரம்பு 16 முதல் 30 வரை. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் நினைத்த உடனே மேடையேற முடியாது. முதலில் காணொளிப் பதிவை அனுப்ப வேண்டும். 2025க்கு 600க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அதே ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் வார்சாவுக்குச் சென்று தகுதிச் சுற்றில் வாசித்தார்கள்.

வேறு சில பெரிய போட்டிகளில் முதல் இரண்டு பரிசு வாங்கியவர்களுக்கு மட்டும் தகுதிச் சுற்றிலிருந்து விலக்கு.

கடைசியில் அக்டோபர் மேடைக்கு வந்தவர்கள் 80க்கும் சற்று அதிகம்.

எத்தனை சுற்று? என்ன வாசிக்க வேண்டும்?

மொத்தம் 4 சுற்று. எல்லாமே மனப்பாடமாக. இசைத்தாள் பார்க்க முடியாது.

• முதல் சுற்று: எட்யூட் எனப்படும், விரல் திறனைச் சோதிக்கும் பயிற்சிப் பாணி இசை, மெதுவான ஒரு படைப்பு, ஒரு வால்ட்ஸ், பலாட் போன்ற நீளமான ஒரு படைப்பு. சுமார் அரை மணி நேரம்.

• இரண்டாம் சுற்று: 40 பேர். பொலோனேஸ் ஒன்றும், ஓபஸ் 28இல் உள்ள 24 பிரலூட்களில் குறைந்தது ஆறும் கட்டாயம். முக்கால் மணி நேரக் கச்சேரி.

• மூன்றாம் சுற்று: 20 பேர். ஒரு சொனாட்டா, ஒரு மஸுர்கா தொகுப்பு. இதில்தான் பலர் தடுமாறுவார்கள். ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

• இறுதிச் சுற்று: 2025இல் 11 பேர். வார்சா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் சேர்ந்து ஒரு கான்செர்ட்டோ. அதற்கு முன் தனியாக 'பொலோனேஸ்-ஃபான்டஸி'. இது 2025இல் புதிதாகச் சேர்க்கப்பட்டது.

ஷோப்பான் எழுதியது 2 பியானோ கான்செர்ட்டோ மட்டுமே. இரண்டையும் 20 வயதையொட்டி எழுதிவிட்டார். பொலோனேஸ்-ஃபான்டஸியோ அவர் கடைசிக் காலத்தில் எழுதியது. இளமையும் முதிர்ச்சியும் அடுத்தடுத்து. இரண்டையும் ஒரே இரவில் காட்ட வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இறுதிவரை போகிறவர் மூன்று வாரத்துக்குள் மூன்று மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வேறுவேறு படைப்புகளை, உலகமே நேரலையில் பார்க்க, மனப்பாடமாக வாசிக்கிறார்.

நம்மூரில் ஏபிஆர்எஸ்எம் தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும். நாலைந்து நிமிடப் படைப்பு மூன்றைத் தயார் செய்யவே ஒரு வருஷம் ஓடிவிடும்!

பியானோவையும் தேர்ந்தெடுக்கணுமா?

ஆமாம். வயலின் கலைஞர் தன் வயலினைக் கையோடு கொண்டுவருவார். பியானோவைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா?

அதனால் போட்டிக்கு முன் ஒவ்வொருவருக்கும் சுமார் 15 நிமிடம் தரப்படும். மேடையில் வரிசையாக நிற்கும் பியானோக்களை வாசித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025இல் ஸ்டைன்வே, யமஹா, ஷிகெரு கவாய், ஃபட்ஸியோலி, பெக்ஸ்டைன் என்று 5 நிறுவனங்களின் பியானோக்கள் இருந்தன.

நிறுவனங்களுக்கும் இது பெரிய போட்டிதான். எந்தப் பியானோவில் வாசித்தவர் ஜெயித்தார் என்பது விற்பனையைப் பாதிக்கும். 2021இல் ஜெயித்த கனடாவின் புரூஸ் லியூ தேர்ந்தெடுத்தது இத்தாலியின் ஃபட்ஸியோலி. 1980களின் தொடக்கத்தில் உருவான ஒரு சிறிய நிறுவனத்துக்கு அது பெரிய விளம்பரம்.

ஒவ்வொரு நிறுவனத்தின் பழுதுபார்ப்பு வல்லுநர்களும் அங்கேயே இருப்பார்கள். போட்டி இல்லாத இரவு நேரத்தில்தான் அவர்களுக்கு வேலை. சுருதி சேர்ப்பது, கட்டைகளின் அழுத்தத்தைச் சரிசெய்வது எல்லாம் அப்போதுதான் நடக்கும்.

மதிப்பெண் எப்படிப் போடுறாங்க?

நடுவர்களில் பலர் முன்னாள் வெற்றியாளர்கள். 2025இல் தலைமை நடுவர் கேரிக் ஓல்சன். 1970இல் இதே போட்டியில் ஜெயித்தவர். ஜெயித்த முதல் அமெரிக்கர். போலந்துக்காரர் அல்லாத முதல் தலைமை நடுவரும் அவர்தான்.

நடுவர்கள் 25க்கு மதிப்பெண் கொடுக்கிறார்கள். சில முக்கிய விதிகள் உண்டு.

• தன் மாணவருக்கு நடுவர் மதிப்பெண் கொடுக்க முடியாது.

• ஒருவர் கொடுக்கும் மதிப்பெண் மற்றவர்களின் சராசரியிலிருந்து அளவுக்கு மீறி விலகினால், அது வரம்புக்குள் கொண்டுவரப்படும்.

• 2025இல் இறுதி முடிவுக்கு முந்தைய சுற்றுகளின் மதிப்பெண்களும் சேர்த்துக் கணக்கிடப்பட்டன. கடைசி நாளில் மட்டும் நன்றாக வாசித்தால் போதாது.

"இவ்வளவு விதி எதுக்கு?" என்று கேட்டால், அதற்குப் பின்னால் பல கதைகள் இருக்கின்றன.

நடுவர்கள் சண்டை போட்ட கதை

1955: முதல் பரிசு போலந்தின் ஆடம் ஹராசியேவிச்சுக்கு. இரண்டாவது சோவியத் யூனியனின் விளாடிமிர் அஷ்கெனாசிக்கு. நடுவர்களில் ஒருவரான இத்தாலியக் கலைஞர் மிக்கெலாஞ்சலி, அஷ்கெனாசிக்குத்தான் முதல் பரிசு என்று நினைத்தார். முடிவில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

1980: யூகோஸ்லாவியாவின் ஈவோ பொகொரெலிச். வாசிப்பும் உடையும் நடத்தையும் வழக்கத்துக்கு மாறாக இருந்தன. சில நடுவர்கள் மிகக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். சிலர் அள்ளிக் கொடுத்தார்கள். அவர் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. 1965இல் ஜெயித்தவரும் அந்த ஆண்டின் நடுவருமான மார்த்தா ஆர்கெரிச், அவர் ஒரு மேதை என்று சொல்லி நடுவர் குழுவிலிருந்தே விலகினார்.

வெளியேற்றப்பட்ட பொகொரெலிச், அந்தச் சர்ச்சையாலேயே உலகப் புகழ் பெற்றார். அடுத்த ஆண்டே நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் கச்சேரி!

1990, 1995: இரண்டு முறையும் முதல் பரிசு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. தகுதியானவர் இல்லை என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள்.

2015: தென்கொரியாவின் சோங்-ஜின் சோ முதல் பரிசு வென்றார். பிறகு நடுவர்களின் மதிப்பெண்கள் வெளியிடப்பட்டன. இறுதிச் சுற்றில் பெரும்பாலோர் அவருக்கு 10க்கு 9 அல்லது 10 கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சுக் கலைஞர் ஃபிலிப் ஆந்த்ரெமோன் கொடுத்தது எவ்வளவு தெரியுமா?

ஒன்று!

அப்படியும் சோ ஜெயித்தார். ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரே அறையில், ஒரே வாசிப்பைக் கேட்ட இரண்டு நிபுணர்களில் ஒருவருக்கு அது 10, இன்னொருவருக்கு 1 என்றால், இசையை எண்ணால் அளக்க முடியுமா?

முடியாது என்றுதான் நடுவர்களாக உட்கார்ந்தவர்களே பலர் சொல்வார்கள். ஓட்டப் பந்தயத்தில் கடிகாரம் இருக்கிறது. இங்கே காதுகள்தான். அதனால்தான் விதிகளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், மதிப்பெண்களையும் வெளியிடுகிறார்கள். முடிவு எல்லாருக்கும் பிடிக்காமல் போகலாம். எப்படி வந்தது என்றாவது தெரிய வேண்டும் இல்லையா?

வியட்நாமிலிருந்து வந்தவர்

அதே 1980ஆம் ஆண்டு. பொகொரெலிச் சர்ச்சையில் எல்லாரும் மூழ்கியிருந்தபோது ஜெயித்தவர் யார்?

வியட்நாமின் டாங் தாய் சோன். இந்தப் போட்டியில் வென்ற முதல் ஆசியர்.

அவர் வளர்ந்தது போர்க்காலத்தில். ஹனோய் மீது குண்டுகள் விழுந்ததால் இசைப் பள்ளி கிராமத்துக்கு இடம் மாறியது. தாயார் தாய் தி லியென் அங்கே பியானோ ஆசிரியர். பின்னர் மாஸ்கோவுக்குச் சென்று படித்த டாங் தாய் சோன், 22 வயதில் வார்சா மேடையில் முதல் பரிசு வாங்கினார்.

ஆசியர்கள் அதற்கு முன்பே அங்கே தடம் பதித்திருந்தார்கள். 1955இல் சீனாவின் ஃபூ சோங் மூன்றாம் பரிசும், மஸுர்காவைச் சிறப்பாக வாசித்ததற்கான தனிப் பரிசும் பெற்றார். 1970இல் ஜப்பானின் மிட்சுகோ உச்சிடாவுக்கு இரண்டாம் பரிசு.

அதன் பிறகு?

• 2000: சீனாவின் யுண்டி லி. வயது 18. பதினைந்து ஆண்டுக்குப் பிறகு கொடுக்கப்பட்ட முதல் பரிசு.
• 2015: தென்கொரியாவின் சோங்-ஜின் சோ.
• 2021: புரூஸ் லியூ. பாரிஸில் பிறந்து கனடாவில் வளர்ந்த சீன வம்சாவளியினர்.
• 2025: எரிக் லூ. அமெரிக்கர், அவரும் சீன வம்சாவளியினர்.

கடைசி இரண்டு வெற்றியாளர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே டாங் தாய் சோனிடம் படித்தவர்கள்!

இன்னொன்று. இறுதிச் சுற்றில் கிட்டத்தட்ட எல்லாரும் ஈ மைனர் கான்செர்ட்டோவைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். எஃப் மைனர் கொஞ்சம் அடக்கமானது. ஜெயிக்க உதவாது என்ற நம்பிக்கை இருந்தது. 1980இல் டாங் தாய் சோன் அதை வாசித்து ஜெயித்தார். 2025இல் எரிக் லூவும் அதையே வாசித்து ஜெயித்தார்.

2025இல் பரிசு பெற்ற 8 பேரில் 7 பேர் ஆசிய நாட்டவர் அல்லது ஆசிய வம்சாவளியினர். ஐரோப்பாவில் பிறந்த இசைக்கு இன்று ஆசியாதான் பெரிய வீடு என்று சொன்னால் மிகையாகாது.

சிங்கப்பூர், மலேசியா எங்கே?

வின்சென்ட் ஓங்கைப் பற்றி முன்பே சொன்னோம். மலேசியாவில் பிறந்து வளர்ந்த அவர், ஜெர்மனியின் பெர்லினில் உள்ள ஹான்ஸ் ஐஸ்லர் இசைக் கல்லூரியில் படித்தவர்.

சிங்கப்பூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2015இல் மூன்றாம் பரிசு பெற்ற கேட் லியூ பிறந்தது இங்கேதான். பியானோ கற்கத் தொடங்கியதும் இங்கேதான், 4 வயதில். 8 வயதில் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். அவர் போட்டியிட்டது அமெரிக்காவைப் பிரதிநிதித்து. மஸுர்காவுக்கான சிறப்புப் பரிசும் அந்த ஆண்டு அவருக்கே.

இரண்டு பேரின் கதையிலும் ஒரு பொதுவான விஷயம் தெரிகிறது. தொடக்கம் இங்கே. ஆனால் உயர்நிலைப் பயிற்சி அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ. சிங்கப்பூரில் யோங் சியூ தோ இசைக் கல்லூரி போன்ற இடங்கள் வந்த பிறகு நிலைமை மாறி வருகிறது. என்றாலும் இந்த அளவுக்குப் போக நினைக்கும் குடும்பங்களுக்குச் செலவும் பிரிவும் இன்னும் பெரிய கேள்விகள்தான்.

மஸுர்கா ஏன் அவ்வளவு கஷ்டம்?

மஸுர்கா என்பது போலந்துக் கிராமத்து நடனம். மூன்று தட்டுத் தாளம். வால்ட்ஸும் மூன்று தட்டுதான். ஆனால் வால்ட்ஸில் அழுத்தம் முதல் தட்டில். மஸுர்காவில் அது இரண்டாவதற்கோ மூன்றாவதற்கோ தாவும். எவ்வளவு தாவ வேண்டும், எங்கே ஒரு நொடி தயங்க வேண்டும் என்பதெல்லாம் இசைத்தாளில் இருக்காது.

கையால் தட்டிப் பாருங்கள். ஒன்று-இரண்டு-மூன்று. முதலில் 'ஒன்று' மட்டும் பலமாக. பிறகு 'மூன்று' மட்டும் பலமாக. அதே வேகம்தான். ஆனால் உடம்பு அசைவதே வேறு மாதிரி ஆகிவிடும்.

இதோடு 'ருபாட்டோ' வேறு. காலத்தைக் கொஞ்சம் இழுப்பது, பிறகு விட்டதைப் பிடிப்பது. இடது கை தாளத்தைக் காப்பாற்ற, வலது கை சுதந்திரமாகப் பாட வேண்டும் என்று ஷோப்பான் சொல்லிக்கொடுத்ததாக அவருடைய மாணவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கூடினால் நாடகம். கொஞ்சம் குறைந்தால் இயந்திரம்.

விரல் வேகத்தைப் பயிற்சியால் கொண்டுவந்துவிடலாம். இதைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க முடியும். அதனால்தான் மூன்றாம் சுற்றில் பலரின் கதை முடிந்துவிடுகிறது.

ஜெயிச்சா என்ன கிடைக்கும்?

2025இல் முதல் பரிசு 60,000 யூரோ. நம் பணத்தில் சுமார் 90,000 வெள்ளி. ஒரு தங்கப் பதக்கமும் உண்டு.

ஆனால் உண்மையான பரிசு அது அல்ல. வெற்றிக்குப் பிறகு வரும் கச்சேரிகளும் இசைத்தட்டு ஒப்பந்தமும்தான். உலகத்தின் பெரிய அரங்குகள் திடீரென்று கதவைத் திறக்கும். 1960இல் ஜெயித்த மவுரிட்ஸியோ போலினி, 1965இன் மார்த்தா ஆர்கெரிச், 1975இன் கிறிஸ்டியன் ஸிமர்மன் ஆகியோர் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய பியானோ கலைஞர்களாக உயர்ந்தார்கள்.

இதில் போலினியின் முடிவு சுவாரஸ்யமானது. 18 வயதில் ஜெயித்தவர், வந்த வாய்ப்புகளை எல்லாம் அள்ளிக்கொள்ளவில்லை. சில காலம் மேடையைக் குறைத்துக்கொண்டு மேலும் படித்தார். கதவு திறந்தவுடன் ஓட வேண்டிய அவசியம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்போ தோத்தவங்க?

இதுதான் முக்கியமான கேள்வி.

80 பேரில் பரிசு வாங்கியவர்கள் 8 பேர். மற்றவர்கள் யாரும் சாதாரணமானவர்கள் இல்லை. அவரவர் ஊரில் அவர்கள்தான் நட்சத்திரங்கள். நான்கைந்து வயதிலிருந்து தினமும் பல மணி நேரம் உட்கார்ந்து பழகியவர்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதுவும் யூடியூப் நேரலையில். ஒரு தவறான சுரம் விழுந்தாலும் அது எப்போதும் இணையத்தில் இருக்கும். கீழே ஆயிரக்கணக்கான கருத்துகள்.

இளம் கலைஞர்களை இப்படிப் போட்டிக் குதிரைகளாக்குவது சரியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போட்டிக்காகப் பழகும்போது, யாருக்கும் பிடிக்காமல் போய்விடக் கூடாது என்ற பயத்தில் எல்லாரும் ஒரே மாதிரி, பாதுகாப்பாக வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம்.

மறுபக்கமும் உண்டு. பெரிய நகரத்தில் பிறக்காத, பெரிய ஆள்களைத் தெரியாத ஒருவருக்கு வேறு எந்த வழியில் இந்த மேடை கிடைக்கும்? 1980இல் ஹனோயிலிருந்து வந்த இளையருக்குப் போட்டி இல்லையென்றால் யார் கதவைத் திறந்திருப்பார்கள்?

இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது.

எரிக் லூவின் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல், 17 வயதில், இதே போட்டியில் நான்காம் பரிசு. 2018இல் இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டியில் முதல் பரிசு. பிறகு இசைத்தட்டுகள், உலகக் கச்சேரிகள். வாழ்க்கை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் 27 வயதில் மீண்டும் வார்சாவுக்கு வந்தார்.

யோசித்துப் பாருங்கள். இரண்டாம் சுற்றிலேயே வெளியேறியிருந்தால்? சேர்த்து வைத்த பெயருக்கு அடி விழுந்திருக்கும். தெரிந்தும் வந்தார். 10 ஆண்டு கழித்து, நான்காம் பரிசு முதல் பரிசானது.

அதே நேரம் 1955இல் 'இரண்டாவது' வந்த அஷ்கெனாசியும், 1970இல் 'இரண்டாவது' வந்த உச்சிடாவும் உலகம் கொண்டாடும் கலைஞர்கள் ஆனார்கள். பரிசு வரிசையும் வாழ்க்கை வரிசையும் ஒன்றல்ல.

இதே மாதிரி வேறு போட்டிகள் உண்டா?

நிறைய. சில முக்கியமானவை:

• சைகோவ்ஸ்கி போட்டி, மாஸ்கோ: 1958இல் தொடங்கியது. பனிப்போர்க் காலத்தில், முதல் முறையே அமெரிக்கரான வான் கிளைபர்ன் ஜெயித்து உலகத்தை வியக்க வைத்தார். உக்ரேன் போரைத் தொடர்ந்து 2022இல் அனைத்துலக இசைப் போட்டிகளின் கூட்டமைப்பு இதை விலக்கிவிட்டது.

• வான் கிளைபர்ன் போட்டி, அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்: 1962இல் தொடங்கியது. 2022இல் தென்கொரியாவின் யுன்சான் லிம் 18 வயதில் ஜெயித்தார். அதன் வரலாற்றிலேயே ஆக இளைய வெற்றியாளர். 2025இல் ஹாங்காங்கின் அரிஸ்டோ ஷாம்.

• லீட்ஸ் போட்டி, இங்கிலாந்து: 1963 முதல்.

• குயீன் எலிசபெத் போட்டி, பிரஸ்ஸல்ஸ்: பியானோவுடன் வயலின், செலோ, குரலிசையும் மாறி மாறி நடக்கும்.

எப்படிக் கேட்கத் தொடங்குவது?

வார்சா அரங்கின் டிக்கெட்டுகள் பல மாதங்களுக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். கவலை வேண்டாம். போட்டியை நடத்தும் ஷோப்பான் கழகத்தின் யூடியூப் பக்கத்தில் எல்லாச் சுற்றுகளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதல் முறை கேட்பவர்களுக்குச் சில யோசனைகள்:

1. ஒரே படைப்பை 3 பேர் வாசிப்பதைக் கேளுங்கள். முதல் பலாட் நல்ல தொடக்கம். சுமார் 10 நிமிடம்தான்.

2. விரல்களைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். முகபாவம் நம்மை ஏமாற்றும்.

3. வேகமான இடங்களை விட்டுவிடுங்கள். மெதுவான இடத்தில் யார் உங்களைக் கட்டிப்போடுகிறார் என்று பாருங்கள்.

4. கருத்துகளைப் பிறகு படியுங்கள். முதலில் உங்கள் காது என்ன சொல்கிறது?

நீங்கள் தேர்ந்தெடுத்தவர் முதல் சுற்றிலேயே வெளியேறியிருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1980இல் மார்த்தா ஆர்கெரிச்சுக்கும் அதுதான் நடந்தது, மூன்றாம் சுற்றில்!

அடுத்த போட்டிக்கு இன்னும் சில ஆண்டு இருக்கிறது. அந்த மேடைக்கு வரப்போகும் 16 வயதுக்காரர் இப்போது தொடக்கப் பள்ளியிலோ உயர்நிலைப் பள்ளியின் தொடக்கத்திலோ இருப்பார். எந்த நாட்டில், எந்த வீட்டில், எந்தப் பழைய பியானோவில் பழகிக்கொண்டிருக்கிறார் என்பது 2030இல் தெரியும்.